கரண்ட் போனால் மீன் தொட்டியை எப்படிக் காப்பாற்றுவது: நெல்லை வெயிலில் தொட்டி வைத்திருப்போருக்கு

இப்போது கரண்ட் போய், தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் மூன்று வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள். தொட்டிக்குப் போகிற எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். தொட்டி மூடியைத் திறந்து வையுங்கள். தீனி போடாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம்.

பிளக்கை உருவுவது உங்களுக்காக. கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் தொட்டிக்குள் கையை விட்டிருப்போம். அந்த நேரம் பார்த்து கரண்ட் வரும். உள்ளே இருக்கிற பழைய மோட்டாரின் வயர் எங்காவது தோல் உரிந்திருந்தால் ஷாக் நேராக உங்கள் கைக்கு வரும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கே வெளியே இருக்க வேண்டும். மூடியைத் திறப்பது காற்று புழங்க. கப்பி, ஃபைட்டர் மாதிரி குதிக்கிற மீன் இருந்தால் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை மேலே விரித்துவிடுங்கள். தீனியை நிறுத்துவதற்கான காரணம் கீழே வருகிறது.

மூச்சுதான் முதல் பிரச்சினை

புதிதாகத் தொட்டி வைத்தவர்கள், ஃபில்டர் நின்றுவிட்டதே, தண்ணீர் அழுக்காகிவிடுமே என்றுதான் பதறுவார்கள். தண்ணீர் கெட்டுப்போக நேரமாகும். அதற்கு வெகு முன்னாலேயே ஆக்சிஜன் குறைந்து மீன் திணறத் தொடங்கும்.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் போவது மேற்பரப்பு வழியாகத்தான். ஏர் மோட்டாரின் ட்யூப் முனையில் இருக்கிற ஏர் ஸ்டோன் என்ற கல்லிலிருந்து கிளம்பும் குமிழி மேலே வந்து உடைந்து நீர்ப்பரப்பைக் கலக்குகிறது. அடித்தண்ணீர் மேலே ஏறி, காற்றைத் தொட்டு, மறுபடி கீழே இறங்குகிறது. மோட்டார் நின்றதும் இந்தச் சுற்று நின்றுபோகிறது. மேல்மட்டத்தில் ஆக்சிஜன் இருக்கும், அடியில் குறைந்துவிடும். அதனால்தான் மீனெல்லாம் மேலே வந்து நிற்கிறது.

நம் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராம்தான். அதோடு, தண்ணீர் சூடேற ஏற மீனுக்கு மூச்சின் தேவையும் கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு கூடுகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, சூடு போகாமல் இருக்கத் தொட்டியைப் போர்வையால் சுற்றுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மே மாதம் பாளையங்கோட்டையில் அதைச் செய்தால் மீனை அவித்துவிடுவோம். குற்றாலச் சாரல் அடிக்கிற தென்காசிப் பக்கத்து வீடுகளுக்கும் ஆடி மாதத்தில்கூடப் போர்வை தேவைப்படாது.

எந்த மீன் எவ்வளவு தாங்கும்?

மணிக்கணக்காக அட்டவணை போட முடியாது. தொட்டியில் எத்தனை மீன், எவ்வளவு பெரியது, தண்ணீர் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. ஆனால் வரிசை தெரிந்திருந்தால் எந்தத் தொட்டியை முதலில் கவனிக்க வேண்டும் என்பது புரியும்.

ஃபைட்டர், கௌராமி இரண்டும் மேலே வந்து வெளிக்காற்றையே நேரடியாக எடுக்கக்கூடியவை. ஒரு நாள் முழுக்க மோட்டார் இல்லாவிட்டாலும் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். டேங்க் கிளீனர் என்று விற்கிற மீனும் காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கப்பி, மோலி, பிளாட்டி சின்ன உடம்புக்காரர்கள், மேல்மட்டத் தண்ணீரை வைத்துக் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார்கள். கோல்டு ஃபிஷ், கொய் கார்ப் இரண்டையும் முதலில் கவனியுங்கள். அவற்றுக்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும், கழிவும் அதிகம். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் மாதிரிப் பெரிய மீன்களும் அப்படியே. ஒரே தொட்டியில் பெரிதும் சிறிதும் இருந்தால் பெரிதுதான் முதலில் திணறும். இறாலும் ஆக்சிஜன் குறைவைத் தாங்காது.

அறிகுறியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முதலில் செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும். பிறகு அடியில் இருக்கிற மீனும் மேலே ஏறும். அடுத்து, உடம்பைச் சாய்த்து, தலை மேலும் வால் கீழுமாக, வாயை நீர்மட்டத்தோடு ஒட்டிவைத்து விடாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கும். கண்ணாடியைத் தட்டினாலும் கீழே போகாது. இந்தக் கட்டத்தில் மீன் அதிக நேரம் தாங்காது. கௌராமி எப்போதாவது ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுக் கீழே போவது இயல்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையால் காற்று ஏற்றுவது

மோட்டாரும் பேட்டரியும் இல்லாத வீட்டில்கூடத் தண்ணீர் மொள்ளுகிற ஒரு போணி இருக்கும். அதுவே போதும். சோப்பு, எண்ணெய் ஒட்டாத போணியாகப் பார்த்து எடுங்கள். குளியலறை மக்கை எடுக்காதீர்கள்.

தொட்டியின் நடு ஆழத்திலிருந்து தண்ணீரை மொண்டு, நீர்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்திலிருந்து, மெல்லிய தாரையாக, அதே தொட்டியில் ஊற்றுங்கள். விழுகிற இடத்தில் குமிழி கிளம்ப வேண்டும், நீர்ப்பரப்பு கலங்க வேண்டும். ஒரே மூலையில் ஊற்றாமல் இடம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். அடியிலுள்ள சல்லியைக் கிளறிவிடாதீர்கள். அங்கே தங்கியிருக்கிற கழிவு மேலே வந்தால் இருக்கிற ஆக்சிஜனையும் அது தின்றுவிடும். இரண்டடித் தொட்டிக்கு ஐந்து நிமிடம் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு மறுபடி ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். இடைவேளையில் மீன் மேலே ஏறினால் இடைவெளியைக் கால் மணியாக்குங்கள். மீன் கீழே இறங்கி இயல்பாக நீந்தினால் நீங்கள் செய்வது போதுமானது என்று அர்த்தம்.

கை வலித்தால் வாளி முறை இருக்கிறது. தொட்டியைவிட உயரமான இடத்தில் ஒரு வாளியை நிலையாக வையுங்கள். தொட்டித் தண்ணீரையே அதில் 10 லிட்டர் மொண்டு ஊற்றுங்கள். ஏர் ட்யூபின் ஒரு முனையை வாளியின் அடியில் போட்டு, மறுமுனையை உறிஞ்சித் தண்ணீர் வரவைத்து, தொட்டிக்கு மேல் ஒரு அடி உயரத்தில் கட்டிவிடுங்கள். ட்யூபில் சின்னக் கட்டுப்பாட்டு வால்வு இருந்தால் நிமிடத்துக்கு ஒரு டம்ளர் அளவு விழுமாறு திருகுங்கள். 10 லிட்டரும் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கிட்டே ஆகும். மறுபடியும் தொட்டியிலிருந்தே வாளியை நிரப்புங்கள். புதுத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி வழியும், மீனுக்கும் அதிர்ச்சி.

ஊதுகுழல் போல ட்யூபை வாயில் வைத்து ஊதுவதால் பயன் மிகக் குறைவு. மூச்சை வீணாக்காமல் போணியை எடுங்கள்.

செடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிச்சம் இல்லாதபோது செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கிறது. பகலில் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள், நேர்வெயில் மட்டும் படக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டியிருந்தால் கையால் திருகி மூடுங்கள். கரண்ட் நின்றால் தானாக மூடும் வால்வு இல்லாத சிலிண்டர் தொடர்ந்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கலங்காத தண்ணீரில் அது சேர்ந்து மீனைக் கொன்றுவிடும்.

சூட்டைக் குறைப்பது

தொட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 32 டிகிரியைத் தாண்டினால் சூட்டைக் குறைக்கத் தொடங்குங்கள்.

ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு அரை லிட்டர் பாட்டில்களை உறையவைத்திருங்கள். கழுத்து வரை நிரப்பினால் உறையும்போது வெடிக்கும், முக்கால் பாட்டிலுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். வெளிப்புறத்தைக் கழுவி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடக்கூடாது. அது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருக்கலாம். அரை லிட்டர் ஐஸ் முழுதும் உருகினால் 50 லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1 டிகிரி குறையும், 100 லிட்டரில் அரை டிகிரி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சல்லி போக 45 முதல் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதற்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் போதும். மணிக்கு 1 டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள்.

ஐஸ் இல்லாவிட்டால் பனையோலை விசிறி. திறந்த தொட்டியின் மேல் சாய்வாக வீசினால் நீர் ஆவியாகிச் சூடு குறையும், நீர்ப்பரப்பும் லேசாக அசையும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு ஈரத்துணி தொங்கவிடுவதும் உதவும்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது?

ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் வாழ்கிற நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். தொட்டிக்குள்ளேயே இருக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பெரிய ஆபத்தில்லை, சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது. வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர்தான் கவலை. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா சாகத் தொடங்கி, தண்ணீர் நாற்றமெடுக்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் முழுதும் ஒரே தள்ளாகத் தொட்டிக்குள் வரும். கரண்ட் இல்லாதபோது பிழைத்திருந்த மீன் கரண்ட் வந்த பிறகு சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் கேனிஸ்டரைத் திறந்து, பஞ்சையும் கற்களையும் ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். பஞ்சில் அழுக்கு அதிகமாக இருந்தால், ஒரு வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் முதலில் அலசிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். சல்லிக்கு அடியில் பிளேட் வைத்த ஃபில்டரை அப்படி எடுக்க முடியாது. அதைப் பற்றிப் பின்னால்.

இப்போது தீனிக்கு வருவோம். தின்ற மீன் கூடுதலாக மூச்சு எடுக்கும், கூடுதலாகக் கழிவும் விடும். மிச்சத் தீனி அழுகும். அம்மோனியாவை மாற்றுகிற ஃபில்டரோ நின்றுகிடக்கிறது. உப்பேறிய போர் தண்ணீரில் பி.எச். (அமில-கார அளவு) கூடுதலாக இருந்தால் அதே அளவு அம்மோனியாவே இன்னும் விஷமாகும், சூடும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். நலமாக இருக்கிற வளர்ந்த மீன் ஒரு வாரம்கூடப் பட்டினி தாங்கும். குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு சிட்டிகை போடலாம்.

ஒரு நாளைத் தாண்டினால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழைக்குப் பிறகு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்துக்குப் போணி மட்டும் போதாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐ அழைத்து எப்போது வரும் என்று கேட்டுவைத்துக்கொண்டு, நீண்ட நேரத்துக்குத் தயாராகுங்கள்.

ஒரு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் வீட்டு மோட்டாரும் ஓடாது என்பதை மறக்கக்கூடாது. எப்போதும் இரண்டு வாளித் தண்ணீர் திறந்தபடி நின்றிருக்கட்டும். குழாய்த் தண்ணீர் என்றால் 24 மணி நேரம் நிற்க வேண்டும், அவசரமென்றால் குளோரின் முறிக்கும் மருந்தை பாட்டிலில் போட்டிருக்கிற அளவில் விடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு குடிநீரில் குளோரின் கூட்டி விடுவது வழக்கம், முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

மழைத் தண்ணீரைப் பிடித்து அப்படியே முழுதாக ஊற்றாதீர்கள். அதில் உப்பும் கடினத்தன்மையும் இல்லை, பி.எச். சட்டென்று விழும்.

செத்த மீன், செத்த நத்தை இருந்தால் உடனே எடுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், அந்த நேரத்தில் போணியோடு ஒரு சுற்று கட்டாயம்.

மீன்கள் நெருக்கமாக இருந்தால் பெரியவற்றை அகலமான பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றலாம். ஆழத்தைவிட அகலம் முக்கியம், மேற்பரப்பு கூடும். அருகில் மீன் கடை திறந்திருந்தால், ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துப் பை கட்டித் தருவார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனுமாகக் கட்டினால், பட்டினி போட்ட மீன் நிழலில் ஒரு நாள் தாங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இங்கே செத்துப்போவதற்கு அங்கே பிழைக்கட்டும் என்று இரக்கப்பட்டு மீனைத் தாமிரபரணியிலோ ஊர்க் குளத்திலோ விடுவது பெரிய தீங்கு. டேங்க் கிளீனர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

கரண்ட் வந்த பிறகு

உடனே பிளக்கைச் செருக வேண்டாம். வந்த வேகத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும், போய்ப் போய் வரும். பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் ஏர் மோட்டார். பிறகு ஃபில்டர். கேனிஸ்டரில் நின்றுபோன தண்ணீரைக் கொட்டி, உள்ளே கழுவி, பஞ்சைத் திரும்ப அடுக்கிய பிறகே ஓட்டுங்கள். தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டரில் தண்ணீர் வடிந்திருக்கும். அதை நிரப்பாமல் ஓட்டினால் மோட்டார் வறண்டு சூடாகிக் கெடும். அடி பிளேட் ஃபில்டர் நாள் முழுக்க நின்றிருந்தால், சல்லியை சைஃபன் குழாயால் உறிஞ்சிக் கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஹீட்டர் இருந்தால் அது முழுதும் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் கடைசியாகப் போடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடி வெடிக்கும்.

அடுத்த மூன்று நாள் தீனி பாதிதான். பரிசோதனைத் துளிகள் இருந்தால் தினமும் அம்மோனியாவைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் கால் பங்கு தண்ணீர் மாற்றம்.

முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டியவை

முதலில், ஏர் ட்யூபில் மாட்டுகிற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. மிக மலிவான பொருள், பலரும் மாட்டுவதில்லை. ஏர் மோட்டார் தரையில் இருந்தால், கரண்ட் நின்றதும் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி இறங்கி, மோட்டாருக்குள் புகுந்து, பக்கத்திலிருக்கிற எக்ஸ்டென்ஷன் பெட்டி வரை போகும். வால்வில் அம்புக்குறி இருந்தால் அது தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டுமே காற்று போகும். இல்லையென்றால் மோட்டாரையே நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அடுத்தது யு.எஸ்.பி. ஏர் மோட்டார். 10,000 மில்லி ஆம்ப்-மணி பவர் பேங்கில் இழப்பு போக ஏறத்தாழ 30 வாட்-மணி கிடைக்கும். 2 வாட் மோட்டார் அதில் 15 மணி நேரம் ஓடும். சில பவர் பேங்குகள் குறைந்த கரண்ட் எடுக்கிற சாதனத்தை, சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானே அணைத்துவிடும். வாங்கிய அன்றே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். டார்ச் செல் போடுகிற ஏர் மோட்டாரும் நல்லதுதான், ஆனால் செல்லை உள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து கெட்டுப்போகும். தனியாக வையுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஆனால் இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் இழுத்திருப்பார்கள். தொட்டி பிளக் பாயிண்டில் அது வராது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு 5 ஆம்ப் பிளக்குக்கு லைன் இழுக்கச் சொல்லுங்கள், தொட்டிக்கான லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட், 150 ஆம்ப்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் 900 வாட்-மணி. இரண்டு ஃபேன், இரண்டு லைட் சேர்ந்து 170 வாட் என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதோடு 5 வாட் ஏர் மோட்டாரைச் சேர்த்தால் பத்து நிமிடம்தான் குறையும். பேட்டரி இறங்கத் தொடங்கினால் ஒரு ஃபேனை நிறுத்துங்கள், மோட்டாரை விட்டுவிடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் இரைந்து சூடாகும், சைன் அலை நல்லது. ஹீட்டரை அந்த லைனில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

கடல் மீன் வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி இல்லாமல் தொட்டியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதே சூட்டில் கடல்நீர் நன்னீரைவிடக் குறைவான ஆக்சிஜனையே பிடிக்கும், பவளங்களுக்கு நீரோட்டமும் வேண்டும். கீழே சம்ப் என்ற துணைத் தொட்டி வைத்திருந்தால் ஒருமுறை வேண்டுமென்றே மோட்டாரை அணைத்து, மேல் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீர் சம்ப்பில் வழியாமல் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 2 மணி வரை, சில நாள் மாலை வரை. உங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் தெரிந்தால்தான் அந்தச் செய்தி பயன்படும், பழைய அறிவிப்பு ஒன்றைப் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு பவர் பேங்கைச் சார்ஜ் போட்டு, ஐஸ் பாட்டில்களை வைத்து, தீனியை நிறுத்திவிடுங்கள். காலை எட்டரைக்கே பேட்டரி மோட்டாரை ஓடவிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த மீன் எப்படி மேலே வந்தால் போணியை எடுக்க வேண்டும் என்று ஒருமுறை தொட்டிக்கு முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டுப் போங்கள்.